தட்டாத கை

மூன்று மணிக்குத் தேர்வாளர் வருகிறார். பத்தரைக்குப் பெரியவன் சின்னவனின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான்.

சின்னவன் பாயில் மல்லாந்து கிடந்தான். பெரியவன் அவன் வயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல்கள் இரண்டும் தொண்டைக்குக் கீழே, எலும்பின் மேல். அங்கே வைத்தால் மூச்சு அடைக்காது. சின்னவன் கால்களை உதறினான். முகம் சிவந்தது. மூச்சைப் பிடித்து அவனே சிவக்க வைத்தான். அண்ணனின் மணிக்கட்டுகளை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தான். பார்ப்பவர்களுக்கு அவன் அந்தக் கைகளைப் பிய்த்து எறியப் போராடுவதாகத் தெரியும். உண்மையில் அவற்றை அங்கே பிடித்து வைத்திருப்பதே அவன்தான்.

"சீக்கிரம் சாவுடா. பசிக்குது," என்றான் பெரியவன்.

"நீ நெரிக்கிற லட்சணத்துக்கு அடுத்த மாசம்தான் சாவேன்," என்றான் சின்னவன், உதடு அசையாமல்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பேச்சு வேண்டாம். முதல்லேர்ந்து," என்றாள் அவள்.

அவள் நாடகக் கல்வியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். பையன்கள் வெல்டிங்கும் கடைசலும் கற்றுக்கொள்ள வந்தவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. வாரத்தில் இரண்டு நாள் தொழிற்பயிற்சி நிலையத்தின் பின்கூடத்தில் அவர்களுக்கு மேடைச்சண்டை சொல்லிக்கொடுத்தாள். மேடையில் அடிக்கக் கற்றவன் வெளியில் அடிக்க மாட்டான் என்பது அவளுடைய ஆய்வின் வாதம். அவள் வருவதற்கு முந்தைய ஆண்டு இதே கூடத்தில் ஒருவன் இன்னொருவனின் காதை அரத்தால் கிழித்திருந்தான். தைத்த காதோடு அவன் இன்னும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். அவள் வந்தபின் முதல்வர் அறைக்குப் புகார் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

விதிகளை முதல் நாளே சொல்லியிருந்தாள். அடி வாங்குகிறவன்தான் சண்டையை நடத்துகிறான். அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். அவன் தலையசைத்த பிறகுதான் கை ஓங்கலாம். அடிக்கிறவன் கை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கடந்துபோகும். சத்தம் அடி வாங்குகிறவனுடையது. தன் நெஞ்சில் தானே தட்டி எழுப்புவான். ஐயோ, அம்மா, விடு என்பதெல்லாம் நாடகத்தைச் சேர்ந்தது. அதற்கு நிறுத்தக் கூடாது. உண்மையில் வலித்தாலோ பயந்தாலோ உள்ளங்கையால் தரையைத் தட்ட வேண்டும். தட்டினால் எல்லாம் நிற்கும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கை அடி வாங்குகிறவனுடையதாக மட்டுமே இருக்க வேண்டும். ஆசிரியர் குறுக்கே வர மாட்டார்.

அந்தக் கடைசி விதியின் மேல்தான் ஆய்வே நின்றது. தங்களை அவர்களே நிறுத்திக்கொள்வார்கள். யாரும் விலக்கிவிட வேண்டியதில்லை.

முதல் மாதங்களில் நிறையத் தட்டினார்கள். பிறகு குறைந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் தட்டியதை எண்ணி அவள் வரைந்த கோடு சரிந்து சரிந்து அடியில் படுத்துவிட்டது. பிறகு எழவே இல்லை. நம்புகிறவனுக்குத் தட்ட வேண்டியிருக்காது என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதினாள். அவளுடைய வழிகாட்டிக்கு அந்த அத்தியாயம்தான் பிடித்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கோ அதில்தான் சந்தேகம். நேரில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருந்தார். ஆய்வுக்குக் கொடுத்த கால நீட்டிப்பெல்லாம் தீர்ந்திருந்தது. இன்று அந்தக் கையெழுத்துக் கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை.

இடைவேளையில் இன்னொரு பாய் எடுப்பதற்காக ஃபிட்டிங் கூடத்துக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

மேசை ஓரத்தில், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸைச் சுற்றி நின்றிருந்தார்கள். அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே சின்னவனின் இடது கை விரல்கள். மொட்டை அடித்த ஒருவன் கைப்பிடியைப் பிடித்திருந்தான். பெரியவன் எதிர்மேசையில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். சின்னவனின் வலது கை மேசைக்கு மேலே ஓரங்குல உயரத்தில் விரிந்து நின்றது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள்.

"தட்டுடா தொட்டிலு," என்றான் மொட்டை. "ராஜா மாதிரி ஆட்டி விடுறோம்."

"சுத்துடா," என்றான் சின்னவன்.

மொட்டை சுற்றினான். சின்னவனின் முழங்கால்கள் மடங்கின. நடுவிரல் நகத்தின் அடியிலிருந்து ரத்தம் தாடையில் இறங்கியது. வலது கை மேலேயே நின்றது. மேசையைத் தொடவில்லை.

அவள் போய்க் கைப்பிடியைத் திருப்பினாள். மொட்டை உடனே வழிவிட்டான். தாடை விலகியதும் சின்னவன் விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு குனிந்தான். தரையில் எச்சில் ஒழுகியது.

"என்ன இது?"

"சும்மா பிராக்டிஸ் மிஸ்," என்றான் மொட்டை.

"எதுக்கு பிராக்டிஸ்?"

"தட்டாம இருக்கிறதுக்கு."

அவள் புரியாமல் பார்த்தாள். காது கிழிந்தவன் அவளுக்கு விளக்கினான். அவனுக்கு எப்போதும் பொறுமை அதிகம்.

"தட்டுனா தொட்டில் மிஸ். ரெண்டு பேரு கையப் புடிப்பாங்க, ரெண்டு பேரு காலப் புடிப்பாங்க. தாலாட்டுப் பாடி ஆட்டுவோம். உசரம் வந்ததும் விட்டுடுவோம்."

"எங்க விடுவீங்க?"

"தரையிலதான். பாயில விட்டா என்ன மரியாதை?"

வகுப்பில் ஒருவனுக்குக் கழுத்தெலும்பு உடைந்தது அவள் நினைவுக்கு வந்தது. சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்கள். அவள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அவனும் தொட்டிலா?"

"அவன் ரெண்டு தடவை மிஸ்."

"என்கிட்ட யாரும் சொல்லல."

"சொன்னா அதுவும் தட்டுன கணக்குதான். பிரின்சிபால் சார்கிட்ட போய்ச் சொன்னாலும் அப்படித்தான்."

"எப்போலேர்ந்து இது?"

காது கிழிந்தவன் மற்றவர்களைப் பார்த்தான். "நீங்க தட்டச் சொல்லிக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் மிஸ். அதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஒழுங்கா எதுவும் இல்ல."

அவள் சின்னவனை மட்டும் குழாயடிக்கு அழைத்துப்போனாள். தண்ணீரில் கையைப் பிடித்தபோது அவன் பல்லைக் கடித்தான். நடுவிரல் நகம் பாதி தூக்கிக்கொண்டு நின்றது. சட்டைக் கை ஒதுங்கிய இடத்தில், தோளிலிருந்து முழங்கை வரை, பழைய கன்றல்கள் மஞ்சளாகவும் புதியவை கருநீலமாகவும் இருந்தன. அவன் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போட்டு வந்தான் என்பதை இப்போதுதான் யோசித்தாள்.

"இன்னைக்கு நீ செய்ய வேண்டாம். வேற ஜோடி போடறேன்."

"ஐயோ மிஸ், எங்கப்பா வர்றாரு."

"வந்தா வரட்டும்."

"உங்களுக்குத் தெரியாது. மொத மாசம் ஒரே ஒரு தடவை தட்டுனேன். எங்கண்ணன் எருமை அத வீட்டுல போய் உளறிடுச்சு. அதுலேர்ந்து அப்பாவும் அப்படித்தான் கூப்பிடறாரு. தொட்டிலு, சாப்பிட வா. தொட்டிலு, லைட்ட அணை. எங்கம்மாவே ஒரு நாள் வாய்தவறிக் கூப்பிட்டுட்டாங்க." அவன் சிரித்தான். "அந்தப் பேர இன்னைக்கோட முடிச்சு விட்டுடறேன் மிஸ். கட்டுப் போட்டு விடுங்க, போதும்."

அவள் கட்டுப் போட்டுவிட்டாள்.

வழிகாட்டி முதல்வர் அறையில் தேர்வாளருக்கான நாற்காலியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டில் எது ஆடவில்லை என்று உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

"சார், நாலாவது அத்தியாயம் தப்பு."

"எழுத்துப்பிழையா?"

அவள் வைஸைச் சொன்னாள். தொட்டிலைச் சொன்னாள். கழுத்தெலும்பைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். ஆடாத நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இதுவே ஒரு கண்டுபிடிப்புதான்மா. அடுத்த கட்டுரைக்கு வெச்சுக்கோ."

"இன்னைக்கு நிறுத்திடலாம் சார்."

"நிறுத்திட்டு தேர்வாளர் அம்மாகிட்ட என்ன சொல்லுவ? எட்டு மணி நேரம் ரயில்ல வந்திருக்காங்க. வெண்ணெய் திரண்டு வர்றப்போ நீயே தாழியை உடைக்கறேங்கற."

"ஒரு பையனுக்கு நகம் போயிருக்கு."

"நகம் முளைக்கும். நீட்டிப்பு முளைக்காது." அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கினார். "அந்த ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. நூறு தடவை செஞ்சு பார்த்தாச்சு. அரை மணி நேரம். பல்லைக் கடிச்சுக்கோ."

அவள் முடியாது என்று சொல்லவில்லை. கூடத்துக்குப் போய்ப் பாய்களை விரித்தாள்.

தேர்வாளர் நரைத்த, குட்டையான பெண்மணி. முன்வரிசை நடுவில் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்துக்கொண்டார். பக்கத்தில் வழிகாட்டி. பெற்றோர்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். பெரியவன், சின்னவன் இருவரின் அப்பா நேராக முன்வரிசைக்கு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தோள் அகலத்துக்கு ஒன்றரை நாற்காலி வேண்டியிருந்தது. எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். தேர்வாளருக்கு இரண்டு தடவை சொன்னார்.

"என் பசங்கதான் மொதல்ல," என்றார். "பெரியவன் அடிப்பான். சின்னவன் வாங்குவான். வீட்டுலயும் அப்படித்தான்."

மற்றப் பையன்கள் பாயைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். பையன்களே கட்டிய சின்ன நாடகம் அது. தம்பி திருடிவிடுகிறான். அண்ணன் கண்டுபிடித்து அடிக்கிறான், நெரிக்கிறான், கடைசியில் தூக்கி உட்கார வைக்கிறான்.

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். தலையசைத்தான். பெரியவனின் கை முகத்துக்கு முன்னால் வீசிப் போனது. சின்னவன் நெஞ்சில் தட்டிக்கொண்டு தலையைத் திருப்பினான். பின்வரிசையில் ஒரு பெண் மூச்சை இழுத்தாள். தேர்வாளர் குறித்துக்கொண்டார்.

அப்பா சிரித்தார்.

"டேய், காத்தையாடா அடிக்கிற. ஈகூடச் சாகாது." பக்கத்திலிருந்த வழிகாட்டியின் தொடையில் தட்டினார். "பார்த்தீங்களா சார், நெஞ்சுல அவனே தட்டிக்கிறான். நம்ம தொட்டிலு கெட்டிக்காரன்."

வட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சின்னவனின் காது மடல்கள் சிவந்தன. மூச்சைப் பிடிக்காமலே சிவந்தன. அவன் அண்ணனைப் பார்த்தான். உதடு அசைந்தது. எதிரே நின்ற அவளால் அதைப் படிக்க முடிந்தது.

அடி படட்டும்.

பெரியவன் நின்றான். சின்னவன் தலையசைத்தான். பெரியவன் நகரவில்லை. சின்னவன் மறுபடி தலையசைத்தான்.

இந்த முறை சத்தம் முகத்திலிருந்து வந்தது. நெஞ்சில் தட்டினால் உள்ளே காலியாக ஒலிக்கும். இது ஈரமாக, சின்னதாக இருந்தது. அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. கூடத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை. அப்பா சிரிப்பை நிறுத்தி முன்னால் சாய்ந்தார்.

தலையசைப்பு. அறை. தலையசைப்பு. குத்து. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. ரத்தம் தாடையில் வழிந்து சட்டையில் சொட்டியது.

"வாயில சிவப்புச் சாயப் பை வெச்சிருக்காங்க," என்றாள் பின்வரிசைப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம். "கடிச்சா உடையும்."

அடுத்த குத்தில் மூக்கு நொறுங்கியது. அவளுக்கு அது கேட்டது. சின்னவன் மண்டியிட்டான். பெரியவன் முடியைப் பிடித்துத் தூக்கினான். மேடைச்சண்டையில் இழுக்கப்படுகிறவன் அந்தக் கையைத் தன் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வான், வலிக்காமல் இருக்க. சின்னவன் பிடிக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டிருந்தான். பெரியவனின் விரலிடுக்கில் முடி பிய்ந்து வந்தது. பெரியவன் ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் தேர்வாளரைப் பார்த்தாள். தேர்வாளர் எழுதிக்கொண்டிருந்தார்.

சின்னவன் பாயில் விழுந்தான். பெரியவன் அவன் வயிற்றின் மேல் உட்கார்ந்து கட்டைவிரல்களை எலும்பின் மேல் வைத்தான். சின்னவன் மணிக்கட்டுகளைப் பற்றினான். அப்பாவின் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு அண்ணனின் கைகளை மேலே இழுத்தான். எலும்பிலிருந்து தொண்டைக்கு. அங்கே வைத்துத் தன் முழுப் பலத்தோடும் கீழே அழுத்தினான்.

பெரியவன் கைகளை விடுவித்துக்கொள்ள இழுத்தான். தோள் நரம்பு புடைத்தது. பார்ப்பவர்களுக்கு அவன் இன்னும் பலமாக நெரிப்பதாகத் தெரிந்தது. சின்னவனின் கால்கள் உதறின. குதிகால் பாயைத் தாண்டிச் சிமெண்டில் மோதியது. முகம் சிவப்பைத் தாண்டி வேறு நிறத்துக்குப் போனது.

"தட்டுடா," என்றான் பெரியவன். மெல்லத்தான் சொன்னான். "டேய், தட்டித் தொலைடா."

அவள் மண்டியிட்டுத் தன் உள்ளங்கையால் தரையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

யாரும் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொட்டை அவள் கையைப் பார்த்தான்.

"நீங்க தட்டக் கூடாது மிஸ்," என்றான். "செல்லாது."

அவள் பாய்ந்து பெரியவனின் தோளைப் பிடித்து இழுத்தாள். "விடு அவன."

"நானா மிஸ் புடிச்சிருக்கேன்? அவன்தான் விட மாட்டேங்கறான்."

அவள் சின்னவனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டுப் போட்ட விரல் வழுக்கியது. அவன் முழங்கால் அவள் வாயில் இடித்தது. ஒரு பல் ஆடியது. அவள் நிறுத்தவில்லை. சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தாள். அது ஒடிந்தது. அப்போதுதான் பிடி தளர்ந்தது. பெரியவன் பின்னால் போய் விழுந்தான். சின்னவன் அசையவில்லை.

கூடம் கைதட்டியது. முதலில் எழுந்து நின்று தட்டியது அப்பாதான்.

"இவன்டா என் புள்ள," என்றார் பக்கத்து நாற்காலிகளிடம். "பார்த்தீங்களா, தட்டல பாருங்க."

அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க," என்றாள். முன்வரிசையில் கைதட்டல் நின்றது. பின்வரிசையில் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சு. பெரியவன் ஒரு முனையில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அப்பா சுவரோரம் நின்றார். டாக்டர் வெளியே வந்து சொன்னார். தொண்டைக் குருத்தெலும்பு நசுங்கியிருக்கிறது. கீழே துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறோம். பிழைத்துக்கொள்வான். குரல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது.

வழிகாட்டி அவளைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போனார்.

"அந்தம்மா இன்னும் கையெழுத்துப் போடல. போட மாட்டேன்னும் சொல்லல. என்ன நடந்ததுன்னு உன் கைப்பட எழுதிக் கேட்கறாங்க. பெரியவன் உணர்ச்சிவசப்பட்டு விதியை மீறிட்டான்னு எழுதினாப் போதும். ஒரு பையனோட கோளாறு. ஆய்வுக்கு அதுல சேதமில்ல."

"அவனுக்கு?"

"அவனுக்குப் பத்தொன்பது வயசு. போலீஸ் எப்படியும் கேட்கும். நீ எழுதினாலும் கேட்கும், எழுதாட்டியும் கேட்கும்."

காவலர் ஏற்கெனவே பெரியவன் முன்னால் நின்றிருந்தார்.

"யாருப்பா நெரிச்சது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

அவள் திரும்பி வந்து காவலருக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். வாய் வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேச வேண்டியிருந்தது.

"அவன் விதிப்படிதான் செஞ்சான். அடி வாங்கறவன் சொல்றபடி செய்யணும்னு விதி. குறுக்கே யாரும் வரக் கூடாதுன்னு விதி. ரெண்டும் நான் போட்டது. அந்தப் பையனுங்க யாரும் தட்ட மாட்டாங்கன்னு மத்தியானமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நடத்தினேன்."

படிக்கட்டில் வழிகாட்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ அத உங்க வாக்குமூலமா எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க."

காவலர் பேனாவைத் தேடினார். பெரியவன் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்துப் பார்த்தான். விரலிடுக்கில் முடி காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் மறுபடி கைகளை உள்ளே வைத்துக்கொண்டான்.

அப்பா சுவரை விட்டு நகர்ந்து அவள் அருகே வந்தார். கூடத்தில் இருந்ததைவிடச் சிறியவராகத் தெரிந்தார். குரலைத் தாழ்த்தினார், உள்ளே தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

"மிஸ், தரையத் தட்டினா நிறுத்திடுவாங்கன்னு பெரியவன் வீட்டுல சொல்லியிருக்கான். ஒரு கைய எடுத்து ஒரு தட்டு தட்டியிருந்தாப் போதும். அவன் ஏன் மிஸ் தட்டல?"